பெட்டிக்கு வெளியே நான் அடித்த மூன்று கேள்விகள்

செவ்வாய்க்கிழமை காலையில் பத்தாம் வகுப்பு வினாத்தாள் ஒன்றைக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தேன். வர்க்கமூலக் குறிக்குள் எண்ணை வைக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. நம் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் தலைமையாசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். நம் பள்ளி அலுவலகத்தில் கணினி வேலை பார்த்த அமுதா மேடம் அதிகாலையில் மாரடைப்பால் காலமானார் என்று இருந்தது. அதன் கீழே மளமளவென்று கூப்பிய கைகள் வந்து விழுந்தன. ஒருவர் அவசரத்தில் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் பிறகு அழித்தார். அந்தக் குழுவில் அமுதா கிடையாது. நிரந்தரப் பணியாளர்கள் மட்டும்தான் அதில் இருக்கலாம். உயிரோடு இருந்தவரை அவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டு நான் கேட்டதும் இல்லை.

அன்று மதியம் நெரவியில் இருக்கும் அமுதாவின் வீட்டுக்குப் போனேன். உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். மாலையைப் போட்டுவிட்டு, பேருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அமுதாவின் தாயார் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“நீங்கதான் கணக்கு சாருங்களா? ஒங்க பேரு தெனம் ஒரு தடவையாவது வந்துரும் சார். மத்தவங்க பேப்பரக் கொடுத்துட்டுப் போயிருவாங்க, கணக்கு சாருதான் கூட ஒக்காந்து சரி பாப்பாருன்னு சொல்லும்.”

“அப்படிங்களா” என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்க எனக்கு மனசு வரவில்லை. டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அமுதா வருவதற்கு முன் நம் கணக்கு வினாத்தாள்கள் எப்படி இருந்தன என்று பழையவர்களுக்கு நினைவிருக்கும். வேர்டில் தமிழை அடித்து, பின்னம், வர்க்கமூலம் வரும் இடத்தையெல்லாம் காலியாக விட்டு அச்செடுப்பார்கள். நான் கறுப்புப் பேனாவால் அவற்றை நிரப்பிக் கொடுத்த பிறகு நகல் எடுப்பார்கள். இத்தனைக்கும் சமன்பாடு எழுதும் மென்பொருள் ஒன்றைப் பள்ளியில் வாங்கிக் கணினியில் ஏற்றியும் வைத்திருந்தார்கள். ஆனால் வேர்டைத் திறந்தால் அதன் பொத்தான்கள் இருக்கும் பட்டை மேலே தலைகாட்டாது. பழுது பார்க்க வந்தவர் இந்தக் கணினிக்கு அது ஒத்துவராது என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். நாமும் நம்பிவிட்டோம்.

அமுதா மட்டும் நம்பவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். அந்த மென்பொருளோடு வந்த இரண்டு கோப்புகளை எடுத்து, வேர்டு திறக்கும்போதே தேடிப் போகிற ஃபோல்டரில் கொண்டுபோய் வைக்க வேண்டும், அதற்கு வேர்டில் ஓர் அனுமதியும் தர வேண்டும். விஷயம் அவ்வளவுதான். வேர்டை மூடித் திறந்ததும் மேலே புதிதாக ஒரு பட்டை வந்து நின்றது. “ரெண்டும் ஒரே வீட்டுல ஒண்ணையொண்ணு தெரியாம இருந்துருக்கு சார். நான் அறிமுகம் பண்ணி வச்சேன், அவ்வளவுதான்” என்றார். பிறகு நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கம் அதைச் செய்யும் முறையைப் பதினோரு படிகளாக எழுதி என்னிடம் கொடுத்தார்.

அதோடு ஒரு சட்டமும் போட்டார். நாம் தமிழ் அடிப்பது, ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும் பழைய எழுத்துருவில். அச்சகத்தில் அவர்களிடம் இருக்கும் எழுத்துருவுக்கு மாற்ற, தாள் முழுவதையும் ஒரே தட்டில் தேர்ந்தெடுத்து மாற்றிவிடுவார்கள். அப்போது வரியில் சும்மா நிற்கிற ஆங்கில எழுத்தும் குறியும் எல்லாம் தமிழ் எழுத்தாகிவிடும். அந்த மென்பொருள் போடும் சமன்பாட்டுப் பெட்டிக்குள் இருப்பதை மட்டும் அந்த மாற்றம் தொடாது. “ஒத்த x-ஆ இருந்தாலும் பெட்டிக்குள்ள போடுங்க சார். வெளிய விட்டா எவன் கையிலயாவது மாட்டிக்கும்” என்பார். வேதியியல் ஆசிரியர், ஒவ்வோர் எழுத்துக்கும் வீடு கட்டிக் கொடுக்கிற அம்மா என்று கிண்டல் செய்வார். அமுதா சிரித்துக்கொண்டே அவருடைய தாளையும் வாங்கி, ஒவ்வொன்றையும் பெட்டிக்குள் போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்.

என் மடிக்கணினியிலும் அந்த மென்பொருளைப் போட்டுத் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து நிமிட வேலை. எனக்குத்தான் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவே இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு மாதிரித் தேர்வுக்கு, நம் நிர்வாகத்தின் நான்கு பள்ளிகளுக்கும் சேர்த்து நான்தான் வினாத்தாள் பொறுப்பு. தேர்வுக்கு முந்தைய நாள் அமுதா தாளை அடித்து, சரிபார்த்து, கோப்பை எனக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று கேள்விகள் போன வருடத்துத் தாளில் வந்தவை என்று பிறகுதான் கவனித்தேன். மாற்றலாம் என்று என் மடிக்கணினியில் சமன்பாட்டின் மேல் தட்டினால் அது திறக்கவில்லை. அமுதாவுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. பெட்டிகளை அழித்துவிட்டு, மூன்று கேள்விகளையும் சாதாரண எழுத்தில் நானே அடித்து, நேராக அச்சகத்துக்கு அனுப்பினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் தேர்வுக்கூடத்தில் தாளைப் பிரித்த பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். x எல்லாம் ‘ஒ’ ஆகியிருந்தது. சமக்குறி இருந்த இடத்தில் ‘ஸ்ரீ’. “கேள்விக்கு நடுவுல சாமி வந்துருக்கு சார்” என்றான் ஒருவன். மூன்றும் கட்டாயக் கேள்விகள். மதியத்துக்குள் அந்தத் தாளின் படம் பெற்றோர்களின் கைப்பேசிகளில் ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

மாலையில் தலைமையாசிரியர் அறையில் தாளாளர் உட்கார்ந்திருந்தார். அமுதாவை நிரந்தரமாக்கும் ஆணை அந்த மாதம் கையெழுத்தாக வேண்டியது. அது தாளாளர் மேசையில் இருந்தது நம் எல்லோருக்கும் தெரியும். அறையில் நாம் ஏழு பேர் இருந்தோம்.

“யார் டைப் பண்ணது?” என்று கேட்டார் தலைமையாசிரியர்.

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அமுதா, “நான்தான் சார் டைப் பண்ணேன். ஆனா பெட்டிக்குள்ளதான் போட்டேன்” என்றார். பெட்டி என்றால் என்னவென்று தாளாளருக்குப் புரியவில்லை. விளக்கக்கூடிய ஒரே ஆள் நான். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்படவும் ஒன்றுமில்லை. நான் நிரந்தரம், என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பியிருக்க முடியாது. இரண்டு வசவு வாங்கியிருப்பேன். அந்த இரண்டு வசவுக்காக ஒரு மனுஷியின் நிரந்தர வேலையை விட்டுக்கொடுத்தேன்.

அந்த ஆணை வேறொருவர் பெயருக்குப் போனது. அமுதா கடைசி நாள் வரை தற்காலிகம்தான்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்குப் போனேன். நான் அனுப்பியிருந்த கோப்பை அச்சகத்திலிருந்து திரும்ப வாங்கி அமுதா திறந்து வைத்திருந்தார். திரையில் கோப்பின் விவரம் தெரிந்தது. கடைசியாகத் திருத்திச் சேமித்தவர் என்ற இடத்தில் என் பெயர், பக்கத்தில் நேரம். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அந்தச் சின்ன சன்னலை மூடினார். நிதானமாகக் கேட்டார்.

“சார், இன்னைக்காவது ஒங்க லேப்டாப்புல அதப் போட்டுருவோமா?”

கொடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன். வீட்டிலும் என்னைப் பற்றி நல்லதாகவே சொல்லியிருக்கிறார் என்று செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

நேற்று நடந்த இரங்கல் கூட்டத்தில் அவரைப் பொறுமையின் சிகரம் என்றார்கள். நாம் ஏறி நின்ற சிகரம். என்னையும் பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்றேன். அதுவும் பொய். பேச வேண்டியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அவர் கொடுத்ததில் என்னிடம் மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று, அந்த நாட்காட்டித் தாள். அதில் பதினோராவது படி: “வேர்டை மூடித் திறக்கவும். பட்டை வரவில்லை என்றால் என்னைக் கூப்பிடவும்.” இன்னொன்று, அன்று என் மடிக்கணினியை அவர் திருப்பிக் கொடுத்தபோது அதில் நகலெடுத்து வைத்திருந்த அந்தக் கோப்பு. என் பெயரும் நேரமும் அதில் அப்படியே இருக்கின்றன. இன்று காலை அதை நம் ஆசிரியர் குழுவில் போட்டிருக்கிறேன், கூப்பிய கைகளுக்குக் கீழே.

தலைமையாசிரியர் ஐயா, யார் டைப் பண்ணது என்று அன்று கேட்டீர்கள். நான்தான்.