லாரிக்கடியில் போன பந்து

வளைகுடாவின் முசஃபா தொழிற்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலை. கராஜ்கள் அடைத்துக் கிடக்க, லாரிகள் நிற்கும் மணல்திடலில் நம் ஊர்க்காரர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். தோற்ற அணி தொழிலாளர் கேம்ப் முழுவதற்குமான பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். வழியில் போகிற யாரையாவது இரண்டு கேப்டன்களும் ஒப்புக்கொண்டு அம்பயராக நிறுத்துவது இங்கே வழக்கம். இன்று அகப்பட்டவன் நான்.

சட்டக் கல்லூரியில் ரோமானியச் சட்டம் நடத்துகிற எனக்கு ஒரே குஷி. பழைய ரோமிலும் இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட சாதாரணக் குடிமகன்தான் வழக்கைத் தீர்ப்பான்.

கடைசிப் பந்து. ஜெயிக்க ஐந்து ரன் வேண்டும். பந்து ஒரு லாரிக்கடியில் ஓடிவிட, ராமநாதபுரத்து முருகேசன் ஐந்தையும் ஓடியே எடுத்துவிடுகிறார்.

"போன வாரம் லாரிக்கடியில போனதுக்கு நாலுதானே சார் குடுத்தாங்க," என்கிறார் எதிரணிக் கேப்டன், குளச்சல் அந்தோணி.

"ரோம்ல முன்னாடி ஒருத்தர் சொன்ன தீர்ப்பு அடுத்த நீதிபதியக் கட்டுப்படுத்தாது. கைய விட்டு எடுத்திருக்கலாமே? அஞ்சும் செல்லும்."

அந்தோணி என்னை லாரிக்கு அழைத்துப்போகிறார். பின்பக்க இரட்டை டயர்களுக்கு நடுவே பந்து இறுகிக் கிடக்கிறது. நானும் இழுத்துப் பார்க்கிறேன். அசையவில்லை.

"இப்ப தீர்ப்ப மாத்துவீங்களா சார்?"

"சொன்ன தீர்ப்ப மாத்த முடியாது. தப்பாச் சொன்ன நீதிபதிதான் நஷ்டத்த ஏத்துக்கணும். அதுவும் ரோமானியச் சட்டம்தான்."

இரு அணியும் கைதட்டுகிறது. அந்தோணி வெங்காய மூட்டையை என் காலடியில் இறக்கிவிட்டுக் கத்தியை நீட்டுகிறார்.

"ஒங்க சட்டம் கொள்ளாம் சார், நல்லாருக்கு. யல்லா, சீக்கிரம் உரிங்க, கத்தி இன்னா இருக்கு."