ஜீடிமெட்லா கூட்டத்தில் ஒரே நோயாளி

2004 டிசம்பரில், "சும்மாதானே இருக்கீங்க, என் தம்பியைப் பார்த்துட்டு வாங்க" என்று மனைவி ஹைதராபாத்துக்கு ரயிலேற்றினாள். வீட்டில் என்னால் தொந்தரவு அதிகமாம். தங்கைகளிடம் போனில் சொல்லியிருக்கிறாள்.

மச்சினன் முரளிக்குத் தார்நாகாவில் வீடு. அரசுத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று மதிப்பெண் போடுவது அவன் உத்தியோகம். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் அடுத்த பட்ஜெட்டில் பணத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். பெண் பார்க்கப் போனபோது எனக்கும் போட்டான், ஜஸ்ட் பாஸ்.

மறுநாள் அவனுக்கு ஜீடிமெட்லா சுகாதார மையத்தில் ஆய்வு. ஒட்டிக்கொண்டேன். ஆட்டோவில் பதினேழு கிலோமீட்டர். என் இந்தியில் பேரம் பேசியதில், நூற்று நாற்பது கேட்டவர் நூற்றைம்பதுக்கு இறங்கி வந்தார்.

வழியில் முரளி விஷயத்தைச் சொன்னான். அந்த மையத்துக்கு வரும் நோயாளிகள் குறைந்துவிட்டார்களாம். இப்படியே போனால் இரண்டாவது நர்ஸ் பிலோமினாவின் வேலை போய்விடும்.

போய் இறங்கினால் திருவிழாக் கூட்டம். முரளி உள்ளே போய்விட, ஒரு ஆயா என் கையைப் பிடித்து வரிசையில் உட்கார வைத்தார். பக்கத்தில் இருந்தவர் மடியில் டிபன் கேரியர். என்ன உடம்புக்கு என்று கேட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லை என்றார்.

முரளி ஒவ்வொருவராக விசாரித்தான். எல்லோருக்கும் ஜுரம், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. கடைசியில் ஒரு அம்மாள், பேர் எழுதியாயிற்றென்றால் போய் உலை வைப்பேன் என்று தெலுங்கில் சொல்லிவிட்டார்.

பிலோமினா செகந்திராபாத் தமிழ்ப் பெண்; அந்த ஊர்த் தமிழில் 'வேண்டாம்' என்றால் 'நக்கோ'. என் கையில் பிபி பட்டையைச் சுற்றிக்கொண்டே முரளியிடம் சொன்னார்:

"கோச்சுக்க நக்கோ சார். வீடு வீடா போய்த் தண்ணி காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். பேதி நின்னுச்சு, ஆள் வர்றதும் நின்னுச்சு. வேலை போவுதுன்னதும் தெருவே கிளம்பி வந்துருச்சு."

முரளி தலையில் கை வைத்துச் சிரித்தான். "வியாதி குறைஞ்சா ஃபெயில்னு வெச்சிருக்கோமே. கேள்வித்தாளே தப்பு அத்தான்."

பிலோமினா சிரிக்கவில்லை. பட்டையை மறுபடி இறுக்கினார். "இவருக்கு மட்டும் நெஜமாவே பிபி ஏறியிருக்கு சார்."

அன்றைய நோயாளிகள் ஒன்று என்று முரளி எழுதினான். அந்த ஒன்று நான்.

போகிறவர்களுக்கு: ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லுங்கள், பேரத்தை மனைவியிடம் விடுங்கள், எந்த வரிசையிலும் உட்காராதீர்கள்.

கேள்வித்தாளை மாற்றச் சொல்லி முரளி அறிக்கை எழுத, அடுத்த பட்ஜெட்டிலிருந்து நோய் குறைவதுதான் கணக்கு என்றாகி, பிலோமினா வேலை நிலைத்தது. போனில் அதைச் சொன்ன முரளி, அக்காவிடம் என் பிபியையும் சொல்லிவிட்டான். அவளும் அன்றே மறுபரிசீலனை செய்து, ஊறுகாய்க்கான ஒதுக்கீட்டை முழுதாக ரத்து செய்தாள்.