தக்கை மாமாவும் பாதி பாட்டிலும்

என் அண்ணனுக்குத் தெருவில் வைத்த பெயர் தக்கை மாமா. ஒயின் கடையில் வேலை. கால்சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று பாட்டில் தக்கைகள் கிடக்கும். நான் சலவைக்கடையில் வேலை பார்க்கிறவள், அவர் துணியெல்லாம் என்னிடம்தான் வரும். பையைத் துழாவாமல் மெஷினில் போட்டேனோ, தீர்ந்தது, உள்ளே ஒரே ரகளை. "அண்ணே, இதையெல்லாம் சேர்த்து வச்சு கப்பலா கட்டப் போறே?" என்று கத்துவேன். சிரிப்பார். திருந்தினால்தானே!

அவர் கடைக்கு ஒட்டினாற்போல் கறிக்கடை. அங்கே மாட்டுக்கறி வாங்குகிறவர்கள் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே இவர் கடைக்குள் நுழைவார்கள். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார், எந்த ஒயின் வைக்கலாம் என்பார்கள். வேறு யாராவது என்றால் கண்ணில் பட்ட பாட்டிலை எடுத்து நீட்டி அனுப்பிவிடுவார்கள். அண்ணன் அப்படியில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "அது இருக்கட்டும். கறியை எப்படிச் சமைக்கப் போறீங்க?" என்று கேட்பார். வந்தவர் விழிப்பார்.

கொழுப்போடிய துண்டை நெருப்பில் வாட்டுவதாக இருந்தால் நாக்கைக் கவ்வுகிற துவர்ப்புள்ள கருஞ்சிவப்பு ஒயின். கொழுப்பில்லாத துண்டை மெல்லிசாக வெட்டி வதக்குவதென்றால் லேசான ஒன்று போதும். வெங்காயம், கேரட்டோடு நெடுநேரம் வேகவிடுவதென்றால் சட்டியில் ஊற்றுவதையே கிளாசிலும் ஊற்றலாம். "கொழுப்பு நாக்குல படியும், துவர்ப்பு வந்து துடைச்சு விடும், அடுத்த வாய் புதுசா இருக்கும். அவ்வளவுதான் விஷயம்" என்பார். சட்டியில் ஊற்றத்தானே, மட்டமானதைக் கொடுங்கள், கொதித்தால் எல்லாம் போய்விடுமே என்று யாராவது சொன்னால் போச்சு, அண்ணனுக்கு மூக்கு சிவந்துவிடும். "யார் சொன்னது? கொதிச்சாலும் முழுசாப் போகாது. வாசம் இருக்கே, அது சட்டியை விட்டே போகாது." இதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். பிறகு நடந்ததைச் சொல்லும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

இத்தனை ஒயினுக்கு நடுவே நின்றாலும் அண்ணன் குடிப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே ஒரு கிளாஸ். அண்ணி சமைக்கிற மாட்டுக்கறியோடு. அந்தக் கறியில் ஒயின் ஊற்றி ஊறவைக்கிற வேலை மட்டும் இவருடையது, அண்ணியைக்கூடக் கிட்டே விடமாட்டார். இவர்களுக்கு ஒரே மகன். சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்கமாட்டான் என்று வாலு என்று கூப்பிட்டோம், முடி கொட்ட ஆரம்பித்த பிறகும் எங்களுக்கு வாலுதான். அவனுக்கு மீசை அரும்புகிற வயதில் அண்ணன் தன் கிளாசிலிருந்து ஒரு வாய் கொடுத்தார். பையன் கண்ணை மூடிக்கொண்டு, "பிளம்ஸ் வாசம் வருதுப்பா" என்றான். "நாக்குன்னா இது நாக்கு!" என்று அண்ணன் துள்ளிக் குதித்தார். எங்கள் வம்சத்திலேயே இப்படி ஒரு நாக்கு பிறந்ததில்லையாம்.

அந்த நாக்குதான் அவனைக் கவிழ்த்தது. வளர்ந்து அப்பா வேலை செய்கிற கடைக்கே அவனும் வேலைக்குப் போனான். ஒரு வாய் ஒரு கிளாசானது, கிளாஸ் பாட்டிலானது. பின்னாலிருந்த கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு இடையில் காலி பாட்டில்களைக் கண்டுபிடித்தது முதலாளி இல்லை, அண்ணனே. முதலாளியிடம் அவர்தான் போய்ச் சொன்னார், மகனுக்கு வேலை போனது. அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையில், "இனிமே இந்தப் படி ஏறாதே" என்று சொல்லிவிட்டார். அவன் ஏறவில்லை. அந்த ஒரு வார்த்தையை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அண்ணன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்தவன் வீட்டு விருந்துக்கெல்லாம் சரியானதை எடுத்துக் கொடுத்தேனே, என் பிள்ளைக்கு என்னத்தைக் கொடுத்தேன் என்று ஒரு நாள் என் கடை வாசலில் நின்று அழுதார். துவைத்த சட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினேன். வேறென்ன செய்ய?

பிறகு வாலு எங்கேயோ சிகிச்சைக்குச் சேர்ந்தான், குடியை நிறுத்தினான் என்று தகவல் வந்தது. அதுவும் எனக்குத்தான் வந்தது. போன மாதம் எனக்குப் போன் செய்தான்.

"அத்தை, ஞாயித்துக்கிழமை மதியம் வீட்டுக்கு வரட்டுமா? அம்மா கறி சாப்பிடணும் போல இருக்கு. அப்பா என்ன சொல்வாரு?"

"அவர் என்ன சொல்றது? நான் சொல்றேன், வா."

"ஆனா ஒண்ணு. வீட்ல ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. வாசம் பட்டாலே எனக்கு இன்னும் கை நடுங்குது. வெக்கமா இருக்கு, ஆனா சொல்லித்தானே ஆகணும். வாசம் வந்தா நான் திரும்பிப் போயிடுவேன், அப்புறம் எங்க போய் நிப்பேன்னு எனக்கே தெரியாது."

இதை ஒரு வார்த்தை விடாமல் அண்ணனிடம் சொன்னேன். மனிதர் பம்பரமாய்ச் சுழல ஆரம்பித்துவிட்டார். அலமாரியில் இருந்த பாட்டில்களை எல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்தார். கிளாசுகளைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். பிறகு பெரிய ஆராய்ச்சி ஆரம்பித்தது. மாட்டுக்கறியோடு வெறும் தண்ணீரையா வைப்பது? துவர்ப்பு வேண்டுமே! டீயில்தான் துவர்ப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தார். பால் விடாத கருப்பு டீயைத் திக்காகப் போட்டு, ஆறவைத்து, மாதுளைச் சாறு கலந்து, ஒரு துளி எலுமிச்சை விட்டு, குடித்துப் பார்த்து, முகம் சுளித்து, மறுபடியும் போட்டு... அண்ணி, "என்னங்க, வீட்ல டீத்தூள் மிச்சம் வைங்க, காலைல எனக்கு வேணும்" என்று புலம்பினாள். கடைசியில் எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்துக்கு நான்தான் போனேன். வாலு இளைத்திருந்தான், சட்டை இஸ்திரி போட்டிருந்தது, சுமாரான இஸ்திரிதான். கையில் அம்மாவுக்கு ஒரு பூந்தொட்டி. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான், வீடு தெரிந்ததும் வாய் மூடிக்கொண்டது. படி ஏறினான். கதவு திறந்தே இருந்தது. அண்ணன் தோளில் வெள்ளைத் துண்டோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் பல்லாக நின்றார்.

வாலு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வாடா. என்ன நிக்கிறே? உள்ள வா."

"அப்பா... அடுப்புல என்ன?"

"கறிதான். அம்மா காலைலேர்ந்து வேக வைக்கிறா."

"கறியில என்ன?"

அப்போதுதான் எனக்கும் வாசம் உறைத்தது. அந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமை வாசம்தான். எத்தனையோ வருஷமாய்ப் பழகிய வாசம், அண்ணிக்கு மூக்கில் ஏறவே இல்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அடப்பாவி மனுஷா!

"ஒரு பாதி பாட்டில் மட்டும் மிச்சம் இருந்துச்சுடா" என்றார் அண்ணன். சொல்லச் சொல்லக் குரல் உள்ளே போனது. "திறந்த பாட்டிலை யார்கிட்டக் குடுக்கிறது? கீழ ஊத்த மனசு வரலை. வீட்ல இருக்கக் கூடாதேன்னு... ராத்திரியே கறியில ஊத்திட்டேன். கொதிச்சாப் போயி..."

அதற்குமேல் அவரால் முடிக்க முடியவில்லை. கொதித்தால் போகாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய். ஒயினை வீட்டை விட்டுத் துரத்துவதாக நினைத்துக்கொண்டு சட்டிக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தவள், விஷயம் புரிந்ததும் தலையில் கை வைத்தபடி சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

வாலு ஒரு படி பின்னால் இறங்கினான். பூந்தொட்டி கையில் ஆடியது. அதை வாங்கிக் கீழே வைத்தேன்.

"கண்ணு, போறதுன்னா போ. நான் பஸ் வரைக்கும் கூட வர்றேன். யாரும் உன்னைத் தப்பா நினைக்க மாட்டோம்."

"கால் வரலை அத்தை" என்று சொல்லிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் வியர்த்த கையைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். இப்போது எழுந்து போனால் திரும்பி வரமாட்டான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் பிடித்து இழுக்க மனம் வரவில்லை.

உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் கொதிக்கிற சட்டியை அந்த வெள்ளைத் துண்டால் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். கடையில் ருசி பார்க்க ஊற்றிக் கொடுத்த கிளாசைக் கழுவும்போது அடியில் ஒரு சொட்டு ஒயின் வீணானால்கூட ஐயோ என்பவர். சாக்கடை மூடியைத் திறந்து, குழம்பையெல்லாம் ஊற்றினார். கறித் துண்டுகளைக் குப்பைப் பையில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். சட்டியைப் பின்பக்கக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தார். அண்ணி வீட்டில் இருக்கிற ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே மின்விசிறியை வைத்தாள். எல்லாம் விறுவிறு என்று நடந்தது.

அப்புறம் அண்ணன் வாசலுக்கு வந்தார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. சூடு பட்ட விரல்களை உதறியபடி வந்து, மகனுக்கு அடுத்த படியில் உட்கார்ந்தார். எந்தப் படியை ஏறாதே என்றாரோ, அதே படி.

"நான் ஒரு முட்டாள்டா" என்றார்.

வாலு எழுந்து போகவில்லை.

அண்ணி நாலு முட்டையைப் பொரித்து, ரொட்டியோடு தட்டில் வைத்துப் படிக்கே கொண்டுவந்தாள். அண்ணன் போய்த் தன் டீயை எடுத்து வந்தார். கண்ணாடிக் கிளாஸ் இல்லை, சாதாரண எவர்சில்வர் டம்ளர். அவர் கடையில் ஊற்றுகிற மாதிரி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஊற்றுவார் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் செய்யவில்லை. இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

"இது என்னப்பா?"

"டீதான். சத்தியமா டீ. முதல்ல மோந்து பாரு."

வாலு மோந்து பார்த்தான். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான், அந்தப் பழைய வாலுவைப் போலவே. ரொட்டியைப் பிய்த்து முட்டையோடு சாப்பிட்டான், இன்னொரு வாய் குடித்தான். முகத்தைச் சுளித்தான். அண்ணனுக்கு உயிரே போய்விட்டது.

"நல்லா இல்லையாடா?"

"டீ நல்லாத்தான் இருக்கு. ஆனா முட்டைக்கு இந்தத் துவர்ப்பு ரொம்ப அதிகம்ப்பா" என்றான் வாலு. "இதுக்கு மாட்டுக்கறிதான் சரி. அடுத்த ஞாயித்துக்கிழமை கறி எடுங்க. நான் வர்றேன்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அண்ணனுக்குக் கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது, துடைக்கத் துண்டும் இல்லை, அது சட்டிக் கரியோடு பின்கட்டில் கிடக்கிறது. என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அழுத்தித் துடைத்தார், தொண்டையைச் செருமினார். பிறகு கடைக்கு வருகிறவர்களைக் கேட்கிற அதே கேள்வியை மகனிடம் கேட்டார், ஆனால் குரல் கடைக்குரல் இல்லை.

"கறியை எப்படிச் சமைக்கட்டும், சொல்லு?"