ஆட்களை ஏற்றிப் பார்த்து வாங்கிய டயர்கள்

அக்காவின் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று முடிவானதும் அத்தான் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, என்னத்தை எழுதினாலும் எழுதும். அந்த டயர்க் கதையை மட்டும் விட்டிடாதையும்" என்றார். அந்தக் கதையில் தோற்றவர் அவர்தான். தோற்றவரே கேட்கும்போது எழுதாமல் இருக்க முடியுமா?

அக்கா மானிப்பாயில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கடைக்குட்டி நான். அப்பா நேரத்தோடு கண்ணை மூடிவிட, கணித ஆசிரியையாக இருந்த அக்காவின் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் அத்தானோடு மெல்பேர்ண் வந்து சேர்ந்தார். கற்பித்த கைகள் டண்டினொங்கில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கின. அங்கும் நின்றபடி வேலை, வீட்டுக்கு வந்தால் குசினியிலும் நின்றபடி வேலை. அதற்குள்ளேயே படித்து, இங்குள்ள பள்ளிக்கூடத்தில் மறுபடியும் கணிதம் கற்பிக்கத் தகுதி பெற்றார். அம்மாவையும் என்னையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவரும் அவரே. இவ்வளவுக்கும் நடுவில் அவர் களைத்துப்போய் முறைப்பட்டதை நான் கேட்டதில்லை. கோபப்பட்டதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

அக்காவின் கார் நீல நிறச் செடான். வாங்கும்போதே அதற்கு வயது போய்விட்டது. விமான நிலையத்தில் புதிதாக வந்து இறங்குபவரைக் கூட்டி வருவதென்றாலும், பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதென்றாலும், கோயிலுக்குப் பொங்கல் பானை கொண்டுபோவதென்றாலும் அந்தக் கார்தான். அது வெறுமையாக ஓடி ஒருவரும் கண்டதில்லை.

எனக்குச் சிட்னியில் பெண் பார்த்து, அங்கேயே ஹோம்புஷில் மண்டபமும் எடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் கூறைச் சேலையையும் தாலிக்கொடியையும் எடுத்துக்கொண்டு மெல்பேர்ணிலிருந்து காரில் போக வேண்டும். அம்மா கோயில் ஐயரிடம் கேட்டுப் பயணத்துக்கு நல்ல நேரம் குறித்து வைத்தார். புதன்கிழமை காலை. திருமணம் ஞாயிற்றுக்கிழமை.

அந்த வாரந்தான் அக்கா குனிந்து டயர்களைப் பார்த்தார். தரையில் படும் பக்கம் தேயாமல் நன்றாகவே இருந்தது. பக்கச் சுவர்களெல்லாம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தன. "இதில சிட்னிக்கோ? நான் ஓட மாட்டன்" என்றார்.

அத்தான் உடனே புறப்பட்டுப் போய், தன் காரை விற்றுவிட்ட நண்பர் ஒருவரிடமிருந்து நல்ல அகலமான நான்கு டயர்களைக் கொண்டுவந்து இறக்கினார். முகத்தில் பெருமை தாங்கவில்லை. "எங்கட ரிம் பதின்மூண்டு இஞ்சி. இதுவும் பதின்மூண்டு. பிறகென்ன?"

"அது ரிம்மில பூட்டுற அளவுதானேயப்பா. அகலம் என்ன, உயரம் என்ன, எவ்வளவு பாரம் தாங்கும்? ஒண்டும் பாக்கேல்லையே நீங்கள்?" என்று அக்கா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். அந்தக் காருக்குரிய டயரின் அளவு அங்கே அச்சிட்டிருந்தது. அத்தான் கொண்டுவந்தது அதைவிட அகலம் கூட, உயரம் குறைவு. வட்டம் சிறுத்தால் வேகமுள்ளும் பொய் சொல்லும் என்று கரும்பலகை முன் நிற்பதுபோல விளக்கினார். அத்தானுக்கு விளங்கியது, ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. "போட்டுப் பாப்பம்" என்றார். "ஓம், போட்டுப் பாப்பம். எல்லாரும் வெளிக்கிடுங்கோ" என்றார் அக்கா. எல்லாரும் என்பதன் பொருள் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

செவ்வாய் பின்னேரம் டண்டினொங்கில் இருந்த டயர்க் கடைக்குப் போனோம். சிட்னிக்குக் கொண்டுபோக வேண்டிய அம்மாவின் பெட்டி, பலகார ரின்கள், அரிசி மூட்டை அத்தனையையும் அக்கா டிக்கியில் ஏற்றுவித்திருந்தார். கடைக்காரர் கிரேக்க நாட்டு மனிதர். சாமான்களை இறக்கி வைத்துவிட்டு அந்த அகல டயர்களைப் பூட்டினார். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். எங்கும் முட்டவில்லை, போதும் என்றார்.

"எங்கள் கார் இப்படி வெறுமையாக ஓடாது" என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "சாமானை ஏத்துங்கோ. எல்லாரும் ஏறுங்கோ."

அம்மா முன்னுக்கு. பின்னுக்கு அத்தான், மாப்பிள்ளைத் தோழனாக வரவிருந்த என் நண்பன், நடுவில் மாப்பிள்ளை நான். அத்தானும் நண்பனும் சாப்பாட்டில் குறை வைக்காத ஆட்கள். காரின் பின்பக்கம் அப்படியே அமிழ்ந்தது. அக்கா ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்து, கடை வாசலின் மேட்டில் ஏற்றி இறக்கினார். பின்னாலிருந்து 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். டயர் மட்கார்டில் உரசியது. கடைக்காரர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"கொஞ்சந்தானே உரசுது" என்றார் அத்தான்.

"ஓம், கொஞ்சந்தான். சிட்னி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாச் சீவிக்கொண்டு போகும். நடுவழியில வெடிக்கும். பிறகு தாலியை ஆர் கொண்டுபோய்க் குடுக்கிறது?"

அத்தான் இறங்கி உரசிய இடத்தைத் தடவிப் பார்த்தார். ஸ்டிக்கரில் இருந்த பழைய அளவு இப்போது வருவதில்லை என்றார் கடைக்காரர். அவரும் அக்காவும் டயர் அளவுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஈடான அளவைத் தேடினார்கள். கிடைத்தது சற்றே அகலம் கூடியது, பக்கச் சுவர் சற்றே குறைந்தது. ஆனால் ஒரு சுற்று உருண்டால் பழையதற்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரு விரலகல வித்தியாசந்தான். பாரமும் பழையதைவிடக் கூடத் தாங்கும். அக்கா மனதிலேயே கணக்கைப் போட்டுத் தலையசைத்தார். ஒரே சிக்கல், அது புதன் பின்னேரந்தான் கடைக்கு வரும்.

அம்மா காரை விட்டு இறங்க மறுத்துவிட்டார். "நாள் பாத்து நேரம் பாத்து வைச்சது. ஒரு டயருக்காகச் சுபநேரத்தை விடுறதோ? உனக்கு என்ன விசரே பிள்ளை?" டயர்க் கடையின் நடுவில், பட்டுச் சேலையோடு, கதவை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நல்ல நேரம் தவறினால் அம்மாவின் மனம் என் கலியாணம் முழுவதும் ஆறாது. தவறாமல் போனால் அக்கா சொன்னதுபோல வழியில் வெடிக்கும்.

அக்கா கார் யன்னலருகே குந்தினார். "அம்மா, சொன்ன நேரத்துக்கு வெளிக்கிடுவம். கூறையும் தாலியும் முதல்ல வெளிக்கிடட்டும். நாங்கள் பிறகு போய்ச் சேருவம். ஊரில நீங்களே இப்பிடிச் செய்யேல்லையோ?"

செய்திருக்கிறார்தான். நல்ல நேரத்தில் புறப்பட முடியாவிட்டால் பயணப் பொருளொன்றை அந்த நேரத்தில் அயல்வீட்டில் கொண்டுபோய் வைப்பது எங்கள் வழக்கம். புதன் காலை, குறித்த நேரத்தில், கூறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா பக்கத்து வீட்டு வியட்நாம் அன்ரியிடம் போனார். அந்த அன்ரி விபரம் கேட்டுவிட்டு, பெட்டியைத் தன் வீட்டுச் சாமித் தட்டில் வைத்து, ஊதுபத்தியும் கொளுத்திவிட்டார். அம்மாவால் குறை சொல்ல முடியவில்லை. ஆனாலும் அக்காவோடு கதைக்கவில்லை.

அன்று பின்னேரம் கடையில் புதிய டயர்கள் பூட்டியதும் மறுபடி எல்லாரும் ஏறினோம். மேட்டில் ஏற்றி இறக்கியபோது சத்தமில்லை. டயர் வாங்கச் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வியாழன் காலை பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

வழியில் கண்டகாய் என்ற ஊரைத் தாண்டியபின் மழை அடித்து ஊற்றியது. முன்னால் போன லொறி ஒன்று திடீரென்று நின்றது. அக்கா பிரேக்கை அழுத்தினார். கார் இழுபடவில்லை, திரும்பவில்லை. நேரே போய், லொறியின் பின்பக்கத்தில் முட்டுமுன் நின்றது. அம்மா மடியிலிருந்த கூறைப் பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல டயர்தான், பிள்ளை" என்றார். டயர்க் கடையில் நடந்த சண்டைக்குப் பின் அக்காவோடு அவர் பேசிய முதல் வார்த்தை அது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திருமணம் நடந்தது.

அதன்பின் அக்காவின் புகழ் சிட்னி வரைக்கும் பரவியது. கலியாணத்தோடு அங்கே பிளாக்டவுனில் குடியேறிய நான் உட்பட, பழைய கார் வைத்திருந்த எவரும் அவரைக் கேளாமல் டயர் மாற்றவில்லை. எடுத்தவுடன் வரும் பதில் ஒன்றுதான். "முதல்ல கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார். பிறகு உன்ர வீட்டில எத்தினை பேர் எண்டு சொல்லு." கார் வாங்குபவர் எல்லாரும் தங்களை நினைத்து வாங்குகிறார்கள், அக்கா ஏறப்போகிறவர்களை நினைத்து வாங்கினார். அவர் வாழ்ந்ததும் அப்படித்தான். அத்தானின் வீட்டாரையும் எங்களையும் அவர் பிரித்துப் பார்த்ததை நான் காணவில்லை.

நோய் முற்றிவிட்டது என்று அத்தான் சொன்னதும் குடும்பத்தோடு புறப்பட்டோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா மெலிந்து, அரை மயக்கத்தில் கிடந்தார். நான் கையைப் பிடித்ததும் கண் திறந்தார்.

"எத்தினை பேர் வந்தனீங்கள்?"

"அஞ்சு பேரும் வந்தனாங்கள் அக்கா."

"பின் டயருக்குக் காத்துக் கூட்டினனியே?"

"ஓம் அக்கா. கூட்டிப்போட்டுத்தான் வந்தனான்."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் எங்களை விட்டுப் போனார். என் அக்காவைப்போல ஒருவர் இனி எனக்கு இல்லை.

அக்காவை நோயில் பராமரித்த தாதியருக்கும், ஒரு நாளும் தவறாமல் சூப் கொண்டுவந்த வியட்நாம் அன்ரிக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சமைத்துத் தந்தவர்களுக்கும், மலர்வளையத்தோடு வந்து ஒரு மூலையில் நின்று அழுத கிரேக்கக் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கென்று சிட்னியிலிருந்து கார்களை நிறைத்துக்கொண்டு வந்த உறவினரே, உங்களுக்கும் நன்றி. திரும்பிப் போகுமுன் எல்லாரும் ஏறிய பிறகு ஒருமுறை இறங்கிப் பின் டயர்களைப் பாருங்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கள்; முன்பெல்லாம் அக்காவுக்குப் போடுவீர்கள்.