மயக்கம் தெளியும் வரை

போன செவ்வாய்க்கிழமை என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா?

ரீட்டாவுக்கு நாற்பது வயது. அறிவு மட்டும் சிறுபிள்ளைப் பருவத்தோடு நின்றுவிட்டது. அம்மா போன பிறகு தன்னைத் தொட யாரையும் விடமாட்டாள். விரல் பட்டாலே அலறுவாள் — என் விரலுக்கும் அதேதான்.

கடைவாய்ப் பல் வலியில் கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தாள். வாயைத் திறக்க மறுப்பவளுக்கு மயக்கம் கொடுத்துத்தான் பிடுங்கலாம் என்றார் டொக்டர். வெறும் வயிறாக வர வேண்டும்.

முதல் தடவை, முந்தின இரவே சமையலறையைப் பூட்டினேன். "ஒண்டும் சாப்பிடல்ல டொக்டர்" என்றேன், பெருமையாக. அதுவரை யாருக்கும் வாய் திறக்காத ரீட்டா அகலத் திறந்து காட்டினாள். நாக்கில் டொபி!

எங்களைக் கூட்டிவந்த ஆட்டோக்கார ரவூப் காக்காவின் வேலை. பல் கெட்டுவிடும் என்று எத்தனை சண்டை போட்டிருப்பேன்!

"சோறு குடுக்கக் கூடா எண்டுதானே சொன்னீங்க டீச்சர்? டொபி சோறா?"

திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு வாரம் அறைந்துகொண்டாள்...

செவ்வாயன்று சரியாக நடந்தது. சின்னக் கோப்பையில் மருந்து, கண் சொருகியதும் ஊசி. பல் போயிற்று. கட்டிலில் கிடத்திய நர்ஸ், "கையப் பிடிச்சிப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க அக்கா, முழிக்கட்டும்" என்றார்.

பிடித்தேன். சூடான, கனமான கை. கடித்துக் கடித்துக் குட்டையான நகங்கள். பெருவிரலுக்குக் கீழே ஒரு மச்சம் — எனக்கு இதுவரை தெரியாது. தூங்குகிறவளிடம் கேட்காமல் பிடிப்பது சரியா? தெரியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன்... மெதுவாகத்தான்.

கண் திறந்தாள். கையைப் பார்த்தாள். இழுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது ரவூப் காக்கா டொபியை நீட்டினார். "இண்டைக்கு வேணா புள்ள, நாளைக்குத் தின்னு."

அவருடைய உள்ளங்கையிலிருந்து, விரல் பட, எடுத்துக்கொண்டாள். அலறவில்லை! இத்தனை நாளும் அவள் பல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். விரலைக் கவனிக்கவில்லை. ஆட்டோ பாலம் கடக்கும்வரை வாவியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இப்போது என் கைப்பையிலும் ஒரு பக்கற் டொபி இருக்கிறது. பல் டொக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.