கான் சாஹிபின் கண்ணீர்

ஆப்கானிஸ்தானைப் படத்தில்கூடச் சரியாகப் பார்க்காமல் அதைப் பற்றி முந்நூறு பக்க நாவல் எழுதிய மடையன் நான்தான். கதாநாயகன், பெங்காலிகள் நிறைந்த பாலிகஞ்சில் அப்பாவின் மளிகைக் கடைக்குப் பெருங்காயம் கொண்டுவந்த ஆப்கானியர் கான் சாஹிப். அவர் இப்போது இல்லை. அவர் மகள் ஜரீனா சம்மதித்தால்தான் நாவல் அச்சுக்குப் போகும். அவளுக்குத் தமிழ் தெரியாது; பெங்காலியில் மொழிபெயர்த்து அனுப்பி ஒரு வாரமாகிறது. போன் என்னோடு குளியலறைக்குக்கூட வருகிறது.

இன்று மனைவி ரசத்துக்குத் தாளித்தாள். பெருங்காயம் பொரிந்த வாசனை என்னை அந்தக் கடைக்கே இழுத்துப் போய்விட்டது. கடைக்குப் பின்னால்தான் எங்கள் சமையலறை. அம்மா தாளித்ததும், பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் கான் சாஹிப் சால்வையால் மூக்கை மூடிக்கொள்வார். கண் கலங்கிவிடும்.

"என்ன கான் சாஹிப், ஊர் ஞாபகமா?" என்பார் அப்பா.

அவர் தலையை ஆட்டுவார். எட்டு வயது எனக்கு அழுகை முட்டும். அன்று பிடித்ததுதான் இந்த நாவல். அதில் அவருடைய அம்மாவின் அடுப்படியில் பக்கத்துக்குப் பக்கம் பெருங்காயம் மணக்கிறது.

போன் அடித்தது. ஜரீனாதான். என்னை அண்ணன் முறையில் 'தாதா' என்று கூப்பிடுகிறவள். பாய்ந்து எடுத்தேன்.

"படிச்சியாம்மா? தாளிக்கிற வாசனையில அப்பா ஊரை நினைச்சு அழற இடம் எப்படி?"

"அப்பாவுக்கு அந்த வாடையே ஆகாது, தாதா."