பள்ளி வாசலில் சிவப்பு வட்டம்

தேவராஜன் ஓய்வு பெற்ற மறுவாரமே சாரதா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "ஏங்க, இது கிச்சன், உங்க ஃபேக்டரி இல்ல. டப்பாவுக்கெல்லாம் லேபிள் ஒட்டறத நிறுத்திட்டு எங்கனா வெளிய போய்ட்டு வாங்க."

ஒரகடத்தில் காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு சூப்பர்வைசராக இருந்தவர் அவர். எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் கண்ணில் படும். வெளியே போனவரின் கண்ணில் பட்டது, பஸ் நிறுத்தத்தை ஒட்டியிருந்த அரசு நடுநிலைப் பள்ளியின் உடைந்த குழாய். உள்ளே போய்ச் சொன்னார். "சொன்னவரே சரி பண்ணிட்டா புண்ணியமாப் போவும்" என்றார் தலைமை ஆசிரியர் வனமாமலை. மறுநாள் குழாய் சரியானது. அடுத்து கழிப்பறைக் கதவு, மின்விசிறி, சத்துணவுக் கூடத்தின் ஒழுகும் கூரை. பள்ளி மேலாண்மைக் குழுவை மாற்றி அமைத்தபோது, உறுப்பினராக அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் சாரதாவுக்கும் நிம்மதி.

அதோடு நின்றிருக்கலாம்.

நிறையப் பிள்ளைகள் தாமதமாக வருவதும் வராமலே இருப்பதும் அவரை உறுத்தின. கம்பெனியில் ஒவ்வொரு உற்பத்தி லைனின் முகப்பிலும் ஒரு விளக்குப் பலகை உண்டு. ஒழுங்காக ஓடினால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், கெட்டால் சிவப்பு. குறையை மூடி வைக்காதே, எல்லார் கண்ணிலும் படும்படி வை. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அதே மாதிரி ஒரு பலகை செய்து பள்ளி வாசலில் மாட்டினார். வகுப்புவாரியாகப் பிள்ளைகளின் பெயர்கள், பெயருக்கு நேரே ஒட்டி எடுக்கிற மாதிரி அதே மூன்று நிறங்களில் காந்த வட்டங்கள்.

"பேர் போடணுமா சார்?" என்று வனமாமலை இழுத்தார்.

"பேர் போட்டாதான் சார் உறைக்கும்."

உறைத்தது. வருகை கூடியது. பார்வைக்கு வந்த கல்வி அதிகாரி பலகையைப் படம் எடுத்துக்கொண்டு, மற்ற பள்ளிகளிலும் வைக்கச் சொல்வதாகச் சொன்னார். தேவராஜனுக்கு ஒரு சால்வை. சால்வையோடு பலகையின் பக்கத்தில் நின்ற படத்தைப் பழைய கம்பெனி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கைதட்டல்கள் வந்து குவிந்தன.

எட்டாம் வகுப்பு சண்முகப்ரியாவின் பெயருக்கு நேரே மட்டும் வட்டம் சிவப்பிலும் மஞ்சளிலும் மாறி மாறி இருந்து, கடைசியில் சிவப்பிலேயே நின்றுவிட்டது. பள்ளிக்கு வருவதை நிறுத்திய பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பேசுவது குழுவின் வேலை. "நான் பாத்துக்கறேன் சார்" என்று தேவராஜன் கிளம்பினார்.

கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விடும் வரிசை வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்த சண்முகப்ரியாவின் இடுப்பில் தம்பி. அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். கேன்டீன் சீருடையில் அம்மா அமுலு வந்தாள்.

"போர்டு மாட்டின சார் நீங்கதானா?"

"ஆமாம்மா" என்றார். அந்தக் கேள்வியில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இவங்க அப்பா ஓசூர்ல வண்டி ஓட்டறாரு. நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு போற வாரம் இருட்டோட பஸ் ஏறணும். பால்வாடி தொறக்கறவரைக்கும் இவன யாரு சார் பாத்துப்பா? இவதான். வுட்டுட்டு ஓடியாந்தா லேட்டு, மஞ்ச வெப்பீங்க. வரலன்னா செவப்பு."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா..."

"யாருனா கேட்டீங்களா?" அமுலுவின் குரல் உயர்ந்தது. "கம்பெனி பஸ் நிக்கறது உங்க வாசல்லதான். 'இன்னா அமுலு, உம்பொண்ணு ரிஜெக்ட் பீஸா'ன்னு பஸ்ஸே சிரிக்குது. அவளும் வாசல் வரைக்கும் வருவா சார். போர்ட பாப்பா. அப்டியே திரும்பி வந்துருவா."

"அசிங்கப்படுத்தணும்னு வெக்கலம்மா."

"எங்க கேன்டீன்லயும் போர்டு கீது. லீவு போட்டா எம்பேருக்கும் செவப்புதான். தலைய குனிஞ்சிக்கினு நிப்பேன். எனக்காவது அதுக்கு சம்பளம் குடுக்கறாங்க. எம்பொண்ணுக்கு இன்னா குடுக்கறீங்க?"

உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றிருந்தது. சண்முகப்ரியா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

லைனில் சிவப்பு எரிந்தால் ஓட வேண்டியவர் சூப்பர்வைசர். போய் நின்று கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஏன். பாகத்தை யாரும் திட்டுவதில்லை. மெஷினைப் பார்ப்பார்கள், அளவைப் பார்ப்பார்கள். எத்தனையோ வருடம் அவரே அப்படி ஓடியிருக்கிறார். இங்கே சிவப்பை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். ஒரு பிள்ளையிடம்கூட ஏன் என்று கேட்கவில்லை. உட்காரச் சொல்லாத வீட்டிலிருந்து வந்த வழியே நடந்தார்.

பள்ளிக்கு வந்து பலகையைக் கழற்றப் போவதாகச் சொன்னதும், "நல்ல பேர் வாங்கிக் குடுத்த போர்டு சார்" என்று வனமாமலை தயங்கினார். தேவராஜன் ஸ்டூலைப் போட்டு ஏறினார். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னா சார், போர்ட கழட்டறீங்க? ஸ்கூல மூடறாங்களா?"

"நான் பண்ண தப்புப்பா" என்று பலகையை இறக்கினார்.

அதற்குள் பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலும் பலகை ஏறியிருந்தது. ஒவ்வொன்றாகப் போய்க் கழற்றச் சொன்னார். சில இடங்களில் கழற்றினார்கள். ஓரிடத்தில், "ஆபீசர் சொல்லி வெச்சது. நீங்க யாரு சார்?" என்றார்கள். அந்தப் பலகை இன்னும் இருக்கிறது.

மறுபடி அமுலுவிடம் போனார். "காலைல பையன நான் பாத்துக்கறேன்மா. பால்வாடியில நானே கொண்டுபோய் வுட்டுடறேன். பொண்ணு ஸ்கூலுக்குப் போவட்டும்."

"நீங்களா?" அமுலு சிரித்துவிட்டாள். "வாணாம் சார். அவன் அழுதா அதுக்கும் ஒரு கலர் வெப்பீங்க. வூட்ல அக்கா கீறாங்கல்ல? அவங்க பாத்துப்பாங்கன்னா சொல்லுங்க."

ஆக, சாரதாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"புள்ளைங்க பேர எழுதி ரோட்ல மாட்டினீங்களா?"

"ம்."

"நம்ம பொண்ணு பேர எவனாவது அப்டி மாட்டியிருந்தா?"

மீதிக் காயையும் நறுக்கி முடித்தபின் அவளே, "நாளைக்கே கூட்டினு வரச் சொல்லுங்க" என்றாள்.

இப்போது அமுலுவுக்கு முதல் ஷிப்ட் வரும் வாரங்களில், சண்முகப்ரியா சீருடையோடு தம்பியைக் கொண்டுவந்து விடுகிறாள். சாரதாவிடம் நன்றாகப் பேசுவாள். "ஆன்ட்டி, பால் குடிச்சிட்டான். பிஸ்கட் கேப்பான், குடுக்காதீங்க." தேவராஜனுக்கு வேலை, கேட்டைத் திறந்துவிடுவதும் பால்வாடிக்குத் தூக்கிப்போவதும்தான்.

ஒரு நாள் கேட்டருகில் அவளை நிறுத்தி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று இருந்தார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவள் வந்தாள்.

"அம்மாடி, அன்னிக்கு அந்த போர்டு..."

அவள் புத்தகப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். "பெல் அடிச்சிருவாங்க சார்" என்றாள்.

அவர் ஒதுங்கி வழிவிட்டார்.